முப்பது விநாடிச் சாவி

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஷார்ப்ஸ்பர்க் என்றொரு சிற்றூர். அங்கே இயங்கிய ஃபாசியோ மெக்கானிக்கல் சர்வீசஸ், கடைகளுக்குக் குளிர்பதனக் கருவிகள் பொருத்தித் தரும் நிறுவனம். நாடெங்கும் கிளை விரித்திருந்த டார்கெட் பேரங்காடிகள் அதன் வாடிக்கையாளர்களில் ஒன்று. பில் அனுப்பவும் ஒப்பந்தத் தாள்களை ஏற்றவும் வேலை எதுவரை வந்தது என்று பதியவும் டார்கெட்டின் கணினிகளில் ஃபாசியோவுக்கு ஒரு கணக்கு இருந்தது. தொடர்பு அவ்வளவுதான்.

2013இல் அந்தச் சிறு நிறுவனத்தின் கணினிக்குள் திருட்டு நிரல் ஒன்று புகுந்தது. கணக்கின் பெயரும் கடவுச்சொல்லும் களவு போயின. அவற்றை வைத்து டார்கெட்டுக்குள் நுழைந்தவர்கள் படிப்படியாகக் கல்லாக் கணினிகள் வரை போய்ச் சேர்ந்தார்கள். நவம்பர் 27 முதல் டிசம்பர் 15 வரை, கிறிஸ்துமஸ் வியாபாரம் சூடுபிடித்திருந்த நாட்களில், சுமார் 4 கோடி வங்கி அட்டைகளின் விவரங்கள் வெளியே போயின. பெயர், முகவரி, தொலைபேசி எண் என்று 7 கோடிப் பேர் வரையிலான வாடிக்கையாளர் விவரங்களும் பறிபோயின. அடுத்த மே மாதம் டார்கெட்டின் தலைமை அதிகாரி கிரெக் ஸ்டைன்ஹாஃபெல் பதவி விலகினார்.

டார்கெட் பாதுகாப்புக்குக் காசு எண்ணிச் செலவழித்த நிறுவனம் என்று சொல்ல முடியாது. தாக்குதலுக்குச் சில மாதங்கள் முன்புதான் 16 லட்சம் டாலர் செலவில் ஒரு கண்காணிப்பு ஏற்பாட்டை நிறுவியிருந்தது. அந்த ஏற்பாடு எச்சரிக்கையும் கொடுத்தது. ஆனால் வெளியாள் ஒருவரின் கடவுச்சொல் என்ற ஒற்றைத் தாழ்ப்பாள் கழன்றதுமே ஆட்கள் உள்ளே வந்துவிட்டார்கள். அந்தக் கதவில் இரண்டாவதாக ஒரு பூட்டு போட என்ன செலவாகும், அந்தப் பூட்டு எப்படி வேலை செய்கிறது, எந்த இடத்தில் அதுவும் திறந்துகொள்ளும் என்பதுதான் இந்த அத்தியாயம்.

வெளியாளின் கதவு

ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கும் கணக்கு, ஊழியருக்குக் கொடுக்கும் கணக்கைவிட மூன்று வகையில் பலவீனமானது.

முதலாவது, கணினி அவருடையது. அதில் என்ன மென்பொருள் ஓடுகிறது, வீட்டில் வேறு யார் அதைத் தொடுகிறார்கள் என்பது நிறுவனத்துக்குத் தெரியாது. இரண்டாவது, ஆள் நிறுவனத்தின் ஆள் இல்லை. அவர் வேலையை விட்டுப் போனால் அவருடைய முதலாளிக்குத்தான் தெரியும். மூன்றாவது, வேலைக்கு முடிவுத் தேதி உண்டு. கணக்குக்குப் பெரும்பாலும் இருப்பதில்லை.

கடைசியாகச் சொன்னது எவ்வளவு பெரிய ஓட்டை என்பதை 2021 மே 7 அன்று உலகம் பார்த்தது. டெக்சாஸிலிருந்து நியூயார்க் துறைமுகம் வரை சுமார் 8,850 கிலோமீட்டர் நீளும் கலோனியல் எண்ணெய்க் குழாயின் அலுவலகக் கணினிகள் முடக்கப்பட்டன. அமெரிக்கக் கிழக்குக் கரையின் எரிபொருளில் ஏறக்குறைய 45 சதவீதத்தைச் சுமக்கும் குழாய் அது. டார்க்சைட் என்ற கும்பல் கேட்ட 75 பிட்காயினை, அன்றைய விலையில் சுமார் 44 லட்சம் டாலரை, நிறுவனம் கொடுத்தது. அதில் பெரும்பகுதி பிட்காயினை எஃப்.பி.ஐ. பின்னர் மீட்டது.

கும்பல் நுழைந்த வழி ஒரு பழைய வி.பி.என். கணக்கு. வி.பி.என். என்பது வீட்டிலிருக்கும் கணினியை அலுவலக நெட்வொர்க்கோடு மறைகுறியாக்கிய பாதையில் இணைக்கும் ஏற்பாடு. அந்தக் கணக்கை அப்போது யாரும் பயன்படுத்தவில்லை. ஆனால் மூடவும் இல்லை. தலைமை அதிகாரி ஜோசப் பிளவுன்ட் செனட் குழுவின் முன் சாட்சியம் சொன்னபோது, அதன் கடவுச்சொல் எளிதில் ஊகிக்கக்கூடியதாக இல்லை, சிக்கலானதுதான் என்றார். அதனால் பயனில்லாமல் போனது. அந்தக் கடவுச்சொல் வேறெங்கோ கசிந்த பட்டியல் ஒன்றில் கிடந்ததைப் புலனாய்வாளர்கள் பிறகு கண்டார்கள். எழுத்துகளை எவ்வளவு நீட்டினாலும், கசிந்த பின் அது வெறும் எழுத்துவரிசை. கதவில் இரண்டாவது பூட்டு இல்லை.

இரண்டாவது பூட்டு என்றால் என்ன

ஒருவர் தான் இன்னார் என்று நிரூபிக்க மூன்று வழிகள் உண்டு. அவருக்கு மட்டும் தெரிந்த ஒன்று: கடவுச்சொல், பின் எண். அவரிடம் மட்டும் இருக்கும் ஒன்று: அட்டை, செல்பேசி, சாவி. அவராகவே இருக்கும் ஒன்று: கைரேகை, முகம். இவற்றில் வெவ்வேறு வகையைச் சேர்ந்த இரண்டைக் கேட்பதே இரட்டைச் சரிபார்ப்பு. கடவுச்சொல்லோடு அம்மாவின் பிறந்த ஊரையும் கேட்பது இதில் சேராது. இரண்டும் தெரிந்தவை என்ற ஒரே வகை. ஒரே வலையில் சிக்கும்.

இந்திய வாசகருக்கு இது புதிதில்லை. இணையத்தில் அட்டையால் பணம் கட்டும்போது கூடுதலாக ஒரு சரிபார்ப்பு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டு, 2009 ஆகஸ்டில் அது நடைமுறைக்கு வந்தது. பிறகு வந்த ஓ.டி.பி. குறுஞ்செய்தி இன்று காய்கறி வாங்குகிறவர் வரை பழகிவிட்டது.

அப்படியானால் ஒப்பந்தக்காரருக்கும் எஸ்.எம்.எஸ்.ஸில் ஓ.டி.பி. அனுப்பினால் போதாதா? ஒன்றும் இல்லாததற்கு அது நிச்சயம் மேல். ஆனால் ஒவ்வொரு செய்திக்கும் கட்டணம் உண்டு, வெளிநாட்டு எண் என்றால் கூடுதல். சிக்னல் இல்லாத இடத்தில் வேலை நிற்கும். தொலைபேசிக் கடையில் பொய் ஆவணம் காட்டி அடுத்தவர் எண்ணுக்கு மாற்று சிம் வாங்கிவிட்டால், செய்தி திருடனின் கைக்கே போகும். 2018இல் ரெடிட் நிறுவனத்தின் ஊழியர் கணக்குகள் சிலவற்றுக்குள் ஹேக்கர்கள் நுழைந்தது, குறுஞ்செய்தி வழியிலான சரிபார்ப்பை இடைமறித்துத்தான். அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட், 2017இல் வெளியிட்ட வழிகாட்டியில் இந்த முறையைக் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது என்று தனியாக வகைப்படுத்தியது.

செய்தியே அனுப்பாமல் இருவரும் ஒரே எண்ணை அறிய முடிந்தால்?

செய்தி இல்லாத ஓ.டி.பி.

ஒரே பஞ்சாங்கம் வைத்திருக்கும் இரண்டு வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மதுரையில், மற்றொன்று மும்பையில். இன்று எந்தத் திதி என்று ஒரு வீட்டார் மற்றவரைக் கேட்க வேண்டியதில்லை. ஒரே புத்தகம், ஒரே நாள், விடையும் ஒன்றே. இப்போது அந்தப் பஞ்சாங்கம் உலகத்தில் இரண்டே பிரதிதான் உண்டு என்றும், அதில் நாளுக்கு ஒரு வரிக்குப் பதில் முப்பது விநாடிக்கு ஒரு வரி உண்டு என்றும் வைத்துக்கொண்டால், அதுதான் செல்பேசிச் செயலி காட்டும் ஆறு இலக்க எண்.

புத்தகத்தை அச்சடித்துத் தர வேண்டியதில்லை என்பதில்தான் கணிதத்தின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. ஒருமுறை மட்டும் செல்லும் கடவுச்சொற்களைக் கணக்குப் போட்டே உருவாக்கலாம் என்று 1981இல் லெஸ்லி லாம்போர்ட் காட்டினார். ஒரு வழியில் மட்டும் எளிதாகப் போகும் சார்பு ஒன்றைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் முறை அது. இத்தகைய சார்பை ஹாஷ் என்கிறோம். எதை உள்ளே கொடுத்தாலும் குறிப்பிட்ட நீளத்தில் ஒரு எண்ணைத் தரும். எண்ணைப் பார்த்து உள்ளே போனது எதுவென்று கண்டுபிடிக்க முடியாது. ரகசியம் ஒன்றையும் சேர்த்துக் கலக்கும் வகையை எச்மேக் என்ற பெயரில் பெல்லாரே, கனெட்டி, கிராவ்சிக் ஆகிய மூவரும் 1996இல் வகுத்தார்கள். இதை அடிப்படையாகக் கொண்டு, ஓத் என்ற திறந்த கூட்டமைப்பு 2005இல் எண்ணிக்கையை வைத்து இயங்கும் முறையையும், 2011இல் கடிகாரத்தை வைத்து இயங்கும் முறையையும் வெளியிட்டது. பின்னது டி.ஓ.டி.பி. எனப்படுகிறது. இரண்டும் இணையத் தர ஆவணங்களாக எவரும் படிக்கும்படி இருக்கின்றன.

கணக்கு இப்படிப் போகிறது. 1970 ஜனவரி 1 முதல் எத்தனை விநாடிகள் கழிந்தன என்று எல்லாக் கணினிகளாலும் சொல்ல முடியும். அதை 30ஆல் வகுத்து மீதியைத் தள்ளிவிட வேண்டும். 2025 ஜனவரி 1 அன்று நம் நேரப்படி காலை 5.30 மணிக்கு அந்த எண் 5,78,56,320. இதையும் ரகசிய எண்ணையும் எச்மேக்கில் போட்டால் 20 பைட் நீளமுள்ள ஒரு விடை வரும். அந்த 20 பைட்டில் எங்கிருந்து எடுப்பது என்பதைக் கடைசி பைட்டே தீர்மானிக்கிறது. அதன் கடைசி நான்கு பிட்டுகள் 0 முதல் 15 வரை ஓர் எண்ணைத் தரும். அந்த இடத்திலிருந்து நான்கு பைட்டுகளை எடுத்து, முதல் பிட்டை மட்டும் விட்டுவிட்டு, கடைசி ஆறு இலக்கங்களைக் காட்ட வேண்டியதுதான்.

எழுதிய நிரல் சரியா என்று சோதிக்க 2005ஆம் ஆண்டு ஆவணமே ஒரு மாதிரி ரகசியத்தையும் விடைகளையும் தருகிறது. எண்ணிக்கை 0 என்றால் நான்கு பைட்டிலிருந்து வருவது 1284755224; திரையில் தெரிவது 755224. எண்ணிக்கை 1 என்றால் 1094287082, தெரிவது 287082. எண்ணிக்கை 2 என்றால் 137359152, தெரிவது 359152. உள்ளே போன எண்கள் 0, 1, 2 என்று அடுத்தடுத்தவை. வெளியே வந்தவற்றில் அந்த வரிசையின் சாயல்கூட இல்லை. மூன்று எண்களை ஒட்டுக்கேட்டவனால் நான்காவதைச் சொல்ல முடியாது.

ஒரு சின்ன வேடிக்கையும் உண்டு. 31 பிட்டில் அடங்கும் எண்கள் 214,74,83,648. இது பத்து லட்சத்தால் சரியாக வகுபடாது. ஆகவே 000000 முதல் 483647 வரையிலான விடைகள் ஒவ்வொன்றும் 2,148 வழிகளில் வரலாம். மற்றவை 2,147 வழிகளில். ஆறு இலக்க எண்கள் எல்லாம் சமமான வாய்ப்புள்ளவை இல்லை. ஆனால் இந்தச் சாய்வை வைத்துத் திருடன் ஒன்றும் சம்பாதிக்க முடியாது.

கடிகாரமும் ஊகமும்

இரண்டு கடிகாரங்கள் ஒத்துப்போவது இந்த முறையின் உயிர். செல்பேசி, நெட்வொர்க்கைக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும். சாவிக்கொத்தில் தொங்கும் தனிக் கருவிக்கு அந்த வசதி கிடையாது. உள்ளே இருப்பது ஒரு குவார்ட்ஸ் படிகம் மட்டுமே. பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகும் சாதாரணப் படிகம் நாளுக்கு 1.7 விநாடி தவறும். ஆண்டுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல். அதனால் நல்ல சர்வர், முந்தைய அரை நிமிடத்தின் எண்ணையும் அடுத்த அரை நிமிடத்தின் எண்ணையும் ஏற்றுக்கொள்ளும். எந்தக் கருவி எவ்வளவு பிந்துகிறது என்பதையும் கருவிவாரியாக நினைவில் வைத்திருக்கும்.

இந்தத் தாராளத்துக்கு ஒரு விலை உண்டு. ஒரே நேரத்தில் மூன்று எண்கள் செல்லும் என்றால், குருட்டாம்போக்கில் அடிப்பவனின் வாய்ப்பு பத்து லட்சத்தில் மூன்று. விநாடிக்குப் பத்து முறை முயல அனுமதித்தால், சராசரியாக ஒன்பதே கால் மணி நேரத்தில் கதவு திறந்துவிடும். ஐந்து தவறுக்குப் பின் கணக்கைப் பூட்டினால் அவனுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 67,000இல் ஒரு வாய்ப்பு. ஆறு இலக்கங்களின் பலம் இலக்கங்களில் பாதி, தவறுகளை எண்ணுவதில் பாதி. பெரிய நிறுவனங்களும் இதில் வழுக்கியிருக்கின்றன. மைக்ரோசாப்டின் சரிபார்ப்பில் இந்த எண்ணிக்கை சரியாக வைக்கப்படாததை ஒயாசிஸ் செக்யூரிட்டி ஆய்வாளர்கள் கண்டு சொல்ல, 2024இல் அது திருத்தப்பட்டது.

ஒருமுறை ஏற்ற எண்ணை அதே அரை நிமிடத்தில் இரண்டாம் முறை ஏற்கவும் கூடாது. தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தவனுக்கு அப்போது அது பயன்படாது.

செலவு எங்கே இருக்கிறது

கணக்கு இலவசம். நிரலும் இலவசம். கூகுள் ஆத்தென்டிகேட்டர் 2010இலேயே வந்துவிட்டது. ஃப்ரீஓடிபி, ஏஜிஸ் போன்ற செயலிகள் மூலநிரலோடு கிடைக்கின்றன. எல்லாம் ஒரே பொதுத் தரத்தைப் பின்பற்றுவதால் ஒப்பந்தக்காரர் எதை வைத்திருந்தாலும் சரிதான்.

நிறுவனத்தின் பக்கத்திலும் அப்படியே. வி.பி.என். பெட்டி, ‘இவரை உள்ளே விடலாமா’ என்று வேறொரு சர்வரைக் கேட்கும். கேட்கும் மொழி ரேடியஸ். 1990களிலிருந்து புழங்கும் பழைய மொழி என்பதால் ஏறக்குறைய எல்லாப் பெட்டிகளுக்கும் அது தெரியும். பதில் சொல்ல ஃப்ரீரேடியஸ், எண்களைச் சரிபார்க்க பிரைவசிஐடியா போன்றவை இருக்கின்றன. இரண்டும் கட்டணமில்லாத திறந்த மென்பொருள்கள். ஆறு இலக்கத்துக்கென்று தனிக் கட்டம் இல்லாத பழைய பெட்டியா? கடவுச்சொல்லை அடித்து, அதன் வாலிலேயே ஆறு இலக்கத்தையும் அடிக்கச் சொல்வார்கள். சர்வர் கடைசி ஆறை வெட்டியெடுத்துத் தனியாகப் பார்க்கும். ஒரு லினக்ஸ் கணினியும், அதைப் பராமரிக்கத் தெரிந்த ஒருவரும் இருந்தால், நூறு ஒப்பந்தக்காரர்களுக்கு இது போதும்.

பிறகு ஏன் நிறுவனங்கள் மாதச் சந்தா கட்டுகின்றன? பூட்டு செய்வதற்காக இல்லை. சாவி கொடுத்து வாங்குவதற்காக. இரட்டைச் சரிபார்ப்பின் உண்மையான செலவு மூன்று தருணங்களில் வருகிறது.

ரகசியத்தை ஒப்படைப்பது முதல் தருணம். 160 பிட் ரகசியம் 32 எழுத்துகளாக மாறி கியூஆர் கோட்டுக்குள் போகிறது. அந்தப் படத்தைப் பார்த்த எந்தச் செல்பேசியும் அன்றிலிருந்து அதே எண்களைக் காட்டும். அதனால் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் சாவியை வாசலில் தொங்கவிடுவதும் ஒன்றுதான். வீடியோ அழைப்பில் ஆளின் முகத்தைப் பார்த்து, ஒரு மணி நேரத்தில் காலாவதியாகும் இணைப்பைக் கொடுத்து, அவரே தன் திரையில் கோட்டை வரவழைத்து ஸ்கேன் செய்வதுதான் ஒழுங்கு. இதற்கு ஆகும் பத்து நிமிடம் யாரோ ஒருவரின் சம்பளம்.

செல்பேசி தொலைவது அல்லது மாறுவது இரண்டாம் தருணம். திங்கட்கிழமை காலை, ‘சார், புது போன் வாங்கிட்டேன், கோடு வரலை’ என்று ஒரு குரல். உதவி மேசையில் இருப்பவருக்கு அந்தக் குரலைத் தெரியாது. இரக்கப்பட்டு மாற்றிக் கொடுத்துவிட்டால், இத்தனை கணிதத்தையும் ஒரு தொலைபேசி அழைப்பு வென்றுவிடும். தொடக்கத்திலேயே பத்து மாற்று எண்களை அச்சிட்டுக் கொடுத்துவிடுவதும், பதிவில் உள்ள எண்ணுக்குத் திருப்பி அழைப்பதும், ஒப்பந்த நிறுவனத்தின் மேற்பார்வையாளர் உறுதிசெய்யாமல் மாற்றாமல் இருப்பதும் கட்டணமில்லாத காவல்கள்.

மூன்றாம் தருணம், ஆள் போவது. இதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள்.

எண்ணைக் கேட்டு வாங்கும் திருடன்

ஆறு இலக்க முறைக்குப் பிறவிக் குறைகள் இரண்டு. முதல் குறை, ரகசியம் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும் என்பது. கடவுச்சொல்லை ஹாஷாக மட்டும் வைத்துக்கொண்டு சர்வர் பிழைத்துக்கொள்ளும். இந்த ரகசியத்தையோ திரும்பப் படிக்கும் வடிவில்தான் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கணக்குப் போட முடியாது. 2011 மார்ச்சில் ஆர்.எஸ்.ஏ. நிறுவனத்துக்கு நேர்ந்தது இதுவே. உலகம் முழுக்கச் சுமார் 4 கோடிப் பேர் சாவிக்கொத்தில் வைத்திருந்த செக்யூர்ஐடி கருவிகளைச் செய்தது அந்த நிறுவனம். ஆள்சேர்ப்புத் திட்டம் என்று பெயரிட்ட எக்செல் கோப்பு ஒன்றை ஊழியர் ஒருவர் திறந்தார். கருவிகளைப் பற்றிய ரகசியத் தகவல்கள் களவு போயின. இரண்டே மாதத்தில் லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்தின் மீது நடந்த தாக்குதலில் அந்தத் தகவல் பயன்பட்டது. கருவிகளை மாற்றித் தர ஆர்.எஸ்.ஏ. முன்வர வேண்டியிருந்தது.

இரண்டாவது குறை, எண்ணை மனிதர் படித்து அடிக்கிறார் என்பது. மனிதர் படிக்க முடிந்ததை மனிதரிடம் கேட்டு வாங்கவும் முடியும். போலி உள்நுழைவுப் பக்கம் ஒன்றைத் திருடன் அமைக்கிறான். நீங்கள் அதில் அடிக்கும் கடவுச்சொல்லும் ஆறு இலக்கமும் அந்தக் கணமே உண்மையான பக்கத்துக்குப் போகின்றன. முப்பது விநாடி என்பது மனிதருக்குக் குறுகிய நேரம். நிரலுக்கு ஒரு யுகம்.

எண்ணே அடிக்க வேண்டாம், செல்பேசியில் ‘சம்மதம்’ பொத்தானைத் தட்டினால் போதும் என்ற வசதிக்கும் தனி ஓட்டை உண்டு. 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்கு வந்த ஆபத்து வெளி ஒப்பந்தப் பணியாளர் ஒருவரின் கணக்கு வழியாகத்தான் வந்தது. அவருடைய சொந்தக் கருவியில் திருட்டு நிரல் புகுந்து, கடவுச்சொல் கள்ளச் சந்தையில் விலைபோயிருக்கலாம் என்று நிறுவனம் சொன்னது. வாங்கியவன் திரும்பத் திரும்ப நுழைய முயன்றான். ஒவ்வொரு முயற்சிக்கும் பணியாளரின் செல்பேசியில் சம்மதம் கேட்டு அறிவிப்பு வந்தது. முதலில் மறுத்தவர், கடைசியில் ஒன்றை ஏற்றுவிட்டார். தொல்லை தாங்காமல் தரும் சம்மதமும் சர்வருக்குச் சம்மதம்தான். இதற்குப் பின் பரவலான மாற்று, கணினித் திரையில் தெரியும் எண்ணைச் செல்பேசியில் அடிக்கச் சொல்வது. மைக்ரோசாப்ட் தன் செயலியில் 2023 மே மாதம் அதைக் கட்டாயமாக்கியது. திரை முன் இல்லாதவருக்கு எந்த எண்ணை அடிப்பது என்றே தெரியாது.

முகவரி பார்க்கும் சாவி

2022 ஜூலை 20. கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் 76 ஊழியர்களுக்கு ஒரு நிமிடத்துக்குள் குறுஞ்செய்திகள் வந்தன. அதிலிருந்த இணைப்பு, நிறுவனத்தின் உள்நுழைவுப் பக்கத்தைப் போலவே இருந்த போலிப் பக்கத்துக்குப் போனது. அந்த முகவரியைப் பதிவு செய்து நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை. மூன்று ஊழியர்கள் ஏமாந்து கடவுச்சொல்லை அடித்தார்கள். போலிப் பக்கம் அடுத்து ஆறு இலக்கத்தைக் கேட்டது. ஆனால் கிளவுட்ஃபிளேரில் அப்படியொரு எண்ணே கிடையாது. எல்லா ஊழியரும் யு.எஸ்.பி. சாவி வைத்திருந்தார்கள். திருடனுக்குக் கடவுச்சொற்கள் கிடைத்தும் கதவு திறக்கவில்லை. ஏறக்குறைய அதே நாட்களில் அதே பாணித் தாக்குதலுக்கு ஆளான டுவிலியோ நிறுவனத்தில், ஊழியர் கணக்குகள் வழியே வாடிக்கையாளர் தகவல்கள் வரை போய்விட்டார்கள்.

அந்தச் சாவிக்குள் நடப்பது வேறு கணிதம். ஃபிடோ கூட்டணி வகுத்த இந்த முறை, 2019 மார்ச்சில் வெப்ஆத்தன் என்ற பெயரில் இணையத் தரமானது. ஒவ்வொரு தளத்துக்கும் சாவி தனியாக ஒரு ஜோடி எண்ணை உருவாக்குகிறது. ஒன்று பொது எண், தளத்துக்குக் கொடுக்கப்படும். மற்றொன்று தனி எண். சாவியை விட்டு வெளியே வராது. நுழையும்போது தளம் ஏதோ ஓர் எண்ணைக் கொடுத்து ‘இதில் கையெழுத்துப் போடு’ என்கிறது. பிரவுசர் அதோடு தான் இப்போது நிற்கும் முகவரியையும் சேர்த்து அனுப்புகிறது. போலி முகவரிக்குச் சாவியிடம் ஜோடியே இல்லை. அது பேசாமல் இருந்துவிடும். ஒரு எழுத்து மாறிய முகவரியை மனிதக் கண் தவறவிடலாம். சாவி தவறவிடாது, ஏனெனில் அது படிப்பதில்லை, ஒப்பிடுகிறது. சர்வரைக் கொள்ளையடித்தாலும் கிடைப்பது பொது எண்கள் மட்டுமே. இரண்டு பிறவிக் குறைகளும் ஒரே அடியில் தீர்கின்றன.

கூகுள் 2019இல் வெளியிட்ட ஆய்வு இந்த வேறுபாட்டுக்கு அளவு கொடுத்தது. குறுஞ்செய்தி எண், தானியங்கித் தாக்குதல்கள் அனைத்தையும், மொத்தமாக வலைவீசும் தாக்குதல்களில் 96 சதவீதத்தையும் தடுத்தது; ஆளைக் குறிவைத்த தாக்குதல்களில் 76 சதவீதத்தை மட்டுமே. வன்பொருள் சாவி மூன்றையும் முழுமையாகத் தடுத்தது.

எளிய சாவி ஒன்றின் விலை சுமார் 25 டாலர். தொலைந்தால் வேலை நிற்காமலிருக்க ஆளுக்கு இரண்டு வேண்டும். மூன்று வார வேலைக்கு வரும் ஒருவருக்கு ஐம்பது டாலரும் தபால் செலவும் என்பது பல சிறு நிறுவனங்களுக்குக் கசக்கும். இங்கே நல்ல செய்தி, 2022க்குப் பிறகு சாதாரணச் செல்பேசிகளே இதே வேலையைச் செய்யத் தொடங்கிவிட்டன. பாஸ்கீ என்ற பெயரில் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாப்ட் மூன்றும் அதை ஏற்றிருக்கின்றன. பிரவுசர் வழியே நுழையும் எல்லாவற்றுக்கும் அது போதும், செலவும் கிடையாது. ரேடியஸ் மட்டும் தெரிந்த பழைய வி.பி.என். பெட்டிக்குத்தான் இன்னமும் ஆறு இலக்கம் தேவைப்படுகிறது.

எனவே காசு குறைந்த நிறுவனம் ஆட்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சர்வர்களின் நிர்வாக உரிமையைத் தொடும் சில ஒப்பந்தக்காரர்களுக்கு வன்பொருள் சாவி. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய அவர்கள் பயன்படுத்தும் ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருள், 2020 பிப்ரவரியில் வந்த 8.2 பதிப்பிலிருந்தே இச்சாவிகளை ஏற்கிறது. பிரவுசரில் வேலை முடிகிறவர்களுக்கு பாஸ்கீ. மற்றவர்களுக்கு ஆறு இலக்கச் செயலி. எவருக்கும் வெறும் கடவுச்சொல் கிடையாது. பில் போட வருகிறவருக்குப் பில் பகுதி மட்டும் திறக்க வேண்டும். அங்கிருந்து கல்லாக் கணினிக்குப் பாதையே இருக்கக் கூடாது.

இத்தனையும் செய்த பின்னும் மூன்றாம் தருணம் மிச்சமிருக்கிறது. வலுவான பூட்டு, போய்விட்ட ஆளுக்கும் விசுவாசமாகவே திறக்கும். அவருடைய செல்பேசிச் செயலி, வேலை முடிந்து ஓராண்டு ஆன பின்பும் அரை நிமிடத்துக்கு ஒரு முறை சரியான எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும். நிறுத்து என்று சர்வருக்கு யாராவது சொல்லும் வரை கணிதம் தன் வேலையைச் செய்யும். அப்படிச் சொல்ல யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள் என்று எடுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். கணக்கைத் திறக்கும் நாளிலேயே அதற்கு முடிவுத் தேதி போட வேண்டும். ஒப்பந்தம் நீண்டால் கேட்டு நீட்டிக்கொள்ளட்டும். கேட்க மறந்தால் அன்று காலை உள்ளே நுழைய முடியாமல் அவரே அழைப்பார். பெரும்பாலான சர்வர்களில் அதற்கென்று ஒரு கட்டம் ஏற்கெனவே இருக்கிறது. அதை நிரப்ப ஒரு பைசா செலவில்லை. பெரும்பாலும் காலியாகக் கிடப்பதும் அதுதான்.